உன்னிடம் மட்டும் வாங்காத அனுமதி

அன்பு மகள் நிவேதாவுக்கு,

கு. தனசேகரன் ஆகிய நான், வயது ஐம்பது, நில அளவைத் துறையில் வரைவாளர், உன் தந்தை, இக்கடிதத்தை இரண்டு நோக்கங்களுக்காக எழுதுகிறேன். திண்டிவனத்தில் நீ தொடங்கிய ஸ்டுடியோ சென்ற வாரத்தோடு ஓர் ஆண்டை நிறைவு செய்திருக்கிறது. அந்த ஆண்டில் நான் கண்டவற்றை உனக்கு எழுதி வைப்பது முதல் நோக்கம். இரண்டாவது, ஓர் ஒப்புதல். சென்ற வியாழக்கிழமை உன் படம் ஒன்றை, உன்னைக் கேட்காமல், விழுப்புரத்தில் இருக்கும் உன் வருங்கால மாமனாருக்குத் திருமணப் பேனருக்காக அனுப்பிவிட்டேன். வருகிற திங்கட்கிழமை அது அச்சுக்குப் போகிறது. இன்று சனிக்கிழமை. நீ ஒரு திருமணத்தைப் படமெடுக்கப் புதுச்சேரிக்குப் போயிருக்கிறாய். திங்கட்கிழமை மாலைதான் திரும்புவாய். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் மண்டபத்து மேளச் சத்தத்துக்கு நடுவே, கையில் கேமராவோடு நின்று கேட்க வேண்டிய செய்தி அல்ல இது. மேலும், இது நீ தீர்த்துவைக்க வேண்டிய சிக்கலும் அல்ல. உண்டாக்கியவன் நான்.

இதை நம் உறவினர் எல்லாரும் படிக்க வேண்டும் என்கிறாள் உன் அம்மா. பெண் பிள்ளைகளைப் பெற்ற வேறு சிலரும் படித்தால் நல்லதே என்று எனக்கும் தோன்றுகிறது. அதை முடிவு செய்யும் உரிமை உன்னுடையது. முதல் பிரதி உன் கைக்குத்தான் வரும். நீ வேண்டாம் என்றால் அதுவே கடைசிப் பிரதியாகவும் இருக்கும்.

சென்ற தை மாதத்தை நினைத்துப் பார்க்கிறேன். மேம்பாலத்துக்கு அருகே, மருந்துக் கடைக்கு மேல்மாடி. சுவருக்கு இரண்டு முறை வெள்ளை அடித்தும் உனக்குத் திருப்தியில்லை. வெயில் பட்டால் மஞ்சள் தெரிகிறது என்று மூன்றாம் முறையும் அடிக்கச் சொன்னாய். நான் அரசு ஊழியன் ஆதலால் என் பெயரில் தொழில் நடத்தக்கூடாது. உரிமம் உன் பெயரில், வாடகை ஒப்பந்தம் உன் பெயரில். மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் வந்து உட்கார்ந்து உதவுவது மட்டுமே என் பங்கு என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, அப்படி நடந்துகொள்ளவில்லை. வாடிக்கையாளர் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் அளந்து பெயிண்டால் கோடு போட்டேன். பாஸ்போர்ட் படத்தில் முகம் எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும், காது எவ்வளவு தெரிய வேண்டும் என்று அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினேன். வேலை பதிவு செய்வதற்குப் பதினான்கு பத்திகள் கொண்ட ஒரு படிவமும் அடித்து வந்தேன். நீ அதை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "அப்பா, இது போட்டோ கடையா, பட்டா ஆபீஸா?" என்று கேட்டாய். உன் அம்மா சிரித்த சிரிப்பில் கீழே மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

திறப்பு நாளன்று கற்பூரம் காட்டி முடித்ததும் உன் அம்மா, "மொத போட்டோவுக்கு நீயே உக்காருடி பாப்பா, கடைக்கு நல்லது" என்றாள். நீ, "லைட் செக் பண்ணணும்மா, நீ உக்காரு. நான் உக்காந்தா யாரு எடுக்கறது?" என்றாய். "அப்பா எடுக்கட்டும்" என்றாள். "அப்பா எடுத்தா ஸ்கேல் வெச்சிக்கினு எடுப்பாரு, சாயங்காலம் ஆயிடும்." எல்லாரும் சிரித்தோம், உன் அம்மா உட்கார்ந்தாள். நீ கேமராவுக்குப் பின்னால் போய் நின்று, ஒரு கணம் நிறுத்தி, "எடுக்கட்டுமாம்மா?" என்று கேட்டாய். அவள் தலையசைத்த பிறகுதான் விரலை அழுத்தினாய். அந்தக் கேள்வியை அன்று நான் பொருட்படுத்தவில்லை.

பிறகு கவனித்தேன். நீ எல்லாரிடமும் அதைக் கேட்டாய். வேலைக்கு விண்ணப்பிக்க வந்த இளைஞரிடம் கேட்டாய். தாய் மடியில் கிடந்த ஆறு மாதக் குழந்தையிடமும், குனிந்து, அதன் கண்ணைப் பார்த்துக் கேட்டாய். மாசி மாதத்தில் ஒரு நாள் கடையைப் பூட்டும்போது நான் உனக்கு அறிவுரை சொன்னேன். படம் எடுக்கத்தானே வந்திருக்கிறார்கள், அவர்களிடமே மறுபடி எடுக்கட்டுமா என்று கேட்டால் உனக்கே உன் வேலையில் நிச்சயம் இல்லை என்று நினைப்பார்கள். தொழிலில் இருப்பவர் தயங்கக்கூடாது என்றேன். நீ சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "சரிப்பா" என்றாய். மறுநாளும் கேட்டாய். இந்த ஓராண்டில் நான் உனக்குச் சொன்ன அறிவுரைகளுள் மிக மோசமானது அது. நீ அதைக் கேட்காதது என் அதிர்ஷ்டம்.

அந்தக் கேள்வி என்ன செய்கிறது என்பதை மயிலத்துக்கு அப்பால் இருந்து வந்த முதியவர் ஒருவரும் அவர் மனைவியும்தான் எனக்குக் காட்டினார்கள். அவர் சாலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியக் கோப்புக்குக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து இருக்கும் படம் வேண்டும். பெஞ்சின் இந்த முனையில் அவர், அந்த முனையில் அம்மையார். இடையில் இன்னொருவர் உட்காரலாம். நான் அட்டையைக் காட்டி, இருவர் தோளும் ஒட்டியிருக்க வேண்டும் என்று விதியை விளக்கினேன். அவர் அசையவில்லை.

"ஒட்டி உக்காருங்க தாத்தா," என்றாய் நீ.

"எதுக்கும்மா? பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

"யாரு இருக்காங்க பாக்கறதுக்கு? கதவ சாத்தியாச்சி."

அம்மையார் சும்மா இருக்கவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து யாரோ பாக்கறான் யாரோ பாக்கறான்னு தள்ளியே உக்காந்துக்கினு இருக்காரும்மா. எப்டித்தான் நாலு புள்ள பொறந்துச்சோ!"

முதியவர் முகம் சிவந்துவிட்டது. "வாய மூடு. வந்த எடத்துல பேஜாரு பண்ணாத" என்றார். ஆனால் ஒரு சாண் நகர்ந்தார். நீ அவசரப்படுத்தவில்லை. இருவரையும் பார்த்து, "எடுக்கட்டுமா?" என்று கேட்டாய். அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, மனைவி பக்கம் திரும்பி, "எடுக்கலாமான்னு கேக்குது, சொல்லு" என்றார். தன் மனைவியிடம் அனுமதி கேட்டது அவருக்கு அதுவே முதல் தடவையாக இருக்கலாம். அம்மையார் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ம், எடு" என்றார். அந்தப் படத்தில் இருவரும் நேராகத்தான் பார்க்கிறார்கள், தோள் ஒட்டியிருக்கிறது, விதிப்படி எல்லாம் சரி. ஆனாலும் அது ஓய்வூதியக் கோப்புக்குள் அடங்கும் படம் அல்ல. அடுத்த வாரம் அவர்கள் ஒரு மஞ்சள் பை நிறைய மல்லாட்டை, தங்கள் நிலத்து வேர்க்கடலை, கொண்டு வந்து அதைப் பெரிதாக்கித் தரச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா?

வைகாசியில் மயிலம் மலையில் நாம் எடுத்த முதல் திருமணத்தையும் எழுதாமல் விட முடியாது, அதில் என் குற்றம் பதிவாகியிருப்பதால். அறுபத்திரண்டு காட்சிகள் கொண்ட பட்டியல் ஒன்றை நான் தயாரித்து, அட்டையில் கிளிப் போட்டு, ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு உன் பின்னாலேயே வந்தேன். கெட்டிமேளம் கொட்டியது. மாங்கல்யம் இருபத்தேழாம் எண். அது சரியாகக் கட்டப்படுகிறதா என்று உறுதி செய்துகொள்ள நான் முன்னால் குனிந்தேன். இன்றும் அந்த ஆல்பத்தைத் திறந்தால் தாலி கட்டும் நேரத்துப் படத்தில் நட்டநடுவில் என் முதுகு இருக்கும், வெள்ளைச் சட்டையோடு. என் தோளுக்கு மேலாகக் கையை உயர்த்தி, மணமகளின் தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுவதை எடுத்தாய். அந்த வீட்டார் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படத்தைத்தான். இறங்கி வரும்போது படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே, "அப்பா, அடுத்த தடவ உங்க முதுகையும் லிஸ்ட்ல சேத்துடுங்க, அறுபத்திமூணு" என்றாய். நான் சிரிக்கவில்லை, அப்போது எனக்குக் கோபம். இப்போது எழுதும்போது சிரிக்கிறேன்.

இனி ஆவணி மாதம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கடையில் இல்லை. பிரம்மதேசம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். செங்கல் சூளை வைத்திருப்பவர், மரியாதையாகப் பேசினார். தன் மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் படம் எடுக்க வேண்டும், அதற்கு ஒரு வாரம் முன்பாகவே பேனருக்கென்று தனியாக ஒரு படம் வேண்டும் என்றார். பதினான்கு பத்திகளையும் நிரப்பினேன். சனிக்கிழமை காலை பத்து மணி என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். உன்னிடம் சொன்னபோது நீ ஒன்றும் பேசவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அந்தப் பெண்ணைப் பட்டுப்பாவாடையும் தாவணியும் உடுத்தி, நகை போட்டு அழைத்து வந்தார்கள். பதின்மூன்று வயது. நான் போட்ட கோட்டில் சரியாக வந்து நின்றது. நீ வழக்கம்போல், "எடுக்கட்டுமாடா?" என்று கேட்டாய். அந்தக் குழந்தை தன் தந்தையைப் பார்த்தது, தரையைப் பார்த்தது, பிறகு உனக்கு மட்டும் கேட்கும்படி, "ரோட்ல வெப்பாங்களாக்கா?" என்றது. அறை சிறியது; எனக்கும் கேட்டுவிட்டது. நீ லென்ஸை மூடினாய்.

"அண்ணா, வீட்டுக்கு எத்தினி போட்டோ வேணும்னாலும் அது சரின்னு சொன்னா எடுத்துத் தரேன். பேனருக்கு மட்டும் வேணாங்க. புள்ளைக்கு இஷ்டம் இல்ல."

"இன்னாம்மா இது? சின்னப் புள்ளையப் போய் கேட்டுக்கினு... அதுக்கு இன்னா தெரியும்?"

"அது மூஞ்சி தானேங்க அண்ணா."

அவர் என்னைப் பார்த்தார். "சாரு தான் எழுதி வாங்கினாரு. நீங்களே சொல்லுங்க சார்."

நான் சொன்னேன். ஒரு குழந்தையின் எதிரில், அதன் பெற்றோரின் எதிரில், என் மகளிடம், "ஒப்புக்கொண்ட வேலையை மறுப்பது முறையல்ல. படிவத்தில் கையெழுத்து இருக்கிறது. எடு" என்றேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். கத்தவில்லை. "என்னெ பேனர்ல வெச்சப்ப என்கிட்ட கேட்டீங்களாப்பா?" என்றாய். அவ்வளவுதான். அவர்கள் எழுந்து போனார்கள். படியிறங்கும்போது அந்தப் பெண் ஒருமுறை திரும்பி உன்னைப் பார்த்ததை நான் பார்த்தேன். மறுநாள் படிவத்தின் அடியில், உன் கையெழுத்தில், பதினைந்தாவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: படம் எடுக்கப்படுபவரின் சம்மதம்.

உன் கேள்விக்கு இந்தக் கடிதத்தில் விடை எழுதுகிறேன். இல்லை, கேட்கவில்லை.

மற்ற எல்லாரிடமும் கேட்டேன். உனக்குப் பதின்மூன்று வயதில் நடந்த விழாவுக்குச் செஞ்சி ரோடு முனையில் ஒரு பேனர் வைத்தோம். உன் பெரிய அத்தை பிரம்மதேசத்திலிருந்து வந்து, "ஒரே பொண்ணு, ஊரு அடைக்கப் பேனரு வெக்க வாணாமா? கவருமெண்டு உத்தியோகம் பாக்கற, கஞ்சப்பய மாதிரி இருக்கற" என்று ஏற்றிவிட்டாள். பிறர் வைப்பதுபோல் அனுமதியில்லாமல் வைக்க என் மனம் ஒப்பவில்லை. நகராட்சிக்கு விண்ணப்பித்தேன். காவல் நிலையத்தில் தடையில்லை என்று எழுதி வாங்கினேன். நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு கடிதம். கம்பம் ஊன்ற இடம் தந்த சைக்கிள் கடைக்காரரின் ஒப்பம். பேனரின் மூலையில் அனுமதி எண்ணை அச்சிட்டேன். திண்டிவனத்தில் அப்படி அச்சிட்ட ஒரே பேனர் அதுவாகத்தான் இருக்கும். அனுமதித்தது ஆறு நாள். ஆறாம் நாள் மாலை ஆறு மணிக்கு நானே ஏணி வைத்துக் கழற்றினேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? பல ஆண்டுகள் அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கோப்பு இன்றும் பீரோவில் இருக்கிறது. ஆவணி மாதத்துச் சண்டைக்குப் பிறகு எடுத்துப் பார்த்தேன். ஏழு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். உன்னுடையது இல்லை. உனக்கென்று ஓர் இடமே அதில் விடப்படவில்லை.

அந்த முனை உன் பள்ளிக்குப் போகும் வழி. அந்த ஆறு நாட்களும் நீ அந்த வழியாகப் போகவில்லை. ரயில்வே லைன் ஓரமாகச் சுற்றி சைக்கிளில் போனாய். மூன்று நாள் தாமதம் என்று தலைமையாசிரியை எழுதி அனுப்பினார். நான் காரணம் கேட்டேன். "சும்மாப்பா" என்றாய். காரணமில்லாத தாமதம் ஒழுக்கக் குறைவு என்று கண்டித்து, மன்னிப்புக் கடிதம் எழுதவைத்தேன். தாளுக்கு நானே மார்ஜின் போட்டுத் தந்தேன். நீ அழாமல் எழுதினாய். நான் படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்து இன்னும் நேராக இருக்கலாம் என்றேன்.

மீதியை உன் அம்மா இந்த ஆவணியில்தான் சொன்னாள். "ரெண்டு வருசம் ஸ்கூல்ல அவள பேனரு பேனருன்னு தான் கூப்ட்டாங்க. நிவேதான்னு ஒருத்தரும் கூப்டல." ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா இன்னா பண்ணியிருப்பீங்க? ஸ்கூலுக்குப் போய் மனு குடுப்பீங்க. அது இன்னும் பேஜாரு ஆயிருக்கும்." என்னை முப்பது ஆண்டுகளாக அறிந்தவளின் கணிப்பு அது.

அதற்கு அடுத்த ஆண்டு நாம் திருவக்கரைக்குப் போனோம், வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, பழங்காலத்து மரங்கள் கல்லாகிக் கிடக்கும் கல்மரப் பூங்காவுக்கும். என் சிறிய டிஜிட்டல் கேமராவை அன்றுதான் நீ முதன்முதலாகக் கேட்டு வாங்கினாய். நாற்பது படம் எடுத்தாய், நாற்பதும் கல். "கல்லயே எடுத்துக்கினு கீறியே, அத்தைய ஒண்ணு எடுடி" என்றாள் உன் அத்தை. "நீங்க ஆடறீங்க அத்தை. கல்லு ஆடாது." பிறகு அவளை ஒரு கல்மரத்தின் பக்கத்தில் நிற்கவைத்து, "எடுக்கட்டுமா அத்தை?" என்று கேட்டாய். "கேக்கறத பாரு, கலெக்டரு கிட்ட பர்மிசன் கேக்கற மாதிரி! அப்பன் புத்தி அப்டியே வந்துட்ச்சி" என்று அவள் சிரித்தாள். நானும் பெருமையோடு சிரித்தேன். அந்தக் கேள்வி என்னிடமிருந்து உனக்கு வந்ததல்ல. நான் கேட்காமல் விட்டதை நீ கேட்கத் தொடங்கியிருந்தாய். அன்று முதல் நம் வீட்டுப் படங்கள் எதிலும் நீ இல்லை. பொங்கல், உன் அம்மாவின் தங்கை திருமணம், என் பதவி உயர்வு நாள், எல்லாவற்றிலும் எல்லாரும் இருக்கிறோம், எடுத்தவள் நீ. பிள்ளைக்குப் படம் எடுப்பதில் எவ்வளவு ஆர்வம் என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். ஆர்வம் பொய்யல்ல. உன் திறமை என் தவற்றிலிருந்து முளைத்தது என்று சொல்லி அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ள மாட்டேன், அது உன்னுடையது. ஆனால் கேமராவுக்குப் பின்னால் நிற்பவளை யாரும் எடுக்க முடியாது என்பதையும் நீ அந்த வயதிலேயே கண்டுகொண்டிருக்கிறாய்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் வியாழக்கிழமை அந்தக் காரியத்தைச் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று எழுத எனக்கு வழியில்லை. உன் மாமனாராகப் போகிறவர் அழைத்தார். பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை மனம், உரத்த குரல். "சம்பந்தி, எனக்கு ஒரே புள்ள. நாப்பது வருசம் பஸ் ஸ்டாண்டுல நின்னவன் நானு. பேனர் வெக்கலன்னா டிரைவரு கண்டக்டரு எல்லாம் என்னெ நாக்கைப் புடுங்கறாப்பல கேப்பாங்க. பொண்ணு போட்டோ ஒண்ணு ஜல்தியா அனுப்பிடுங்க. பசங்களுக்குத் தெரிய வாணாம், சர்ப்ரைஸா இருக்கட்டும்" என்றார். மாப்பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் அவர் உன்னைக் கேட்டிருப்பார். அதனால்தான் சம்பந்தி அவருக்கும் சொல்லவில்லை போலும். நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்கும்போது பெண்ணைப் பெற்றவன் மறுப்பதா என்று ஒரு பழைய பயம். இது வேறு விழா, நீ இப்போது குழந்தையல்ல என்று எனக்கு நானே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டேன். சரி, அனுப்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அனுப்புவதற்கு உன் படம் ஒன்றும் இல்லை. ஆதார் அட்டையும் பழைய தேர்வு நுழைவுச் சீட்டுகளும்தான். ஆனால் என் கைப்பேசியில் ஒன்று இருந்தது. ஐப்பசி மழையில் அந்த மயிலத்து அம்மையார் மட்டும் ஒருநாள் குடையோடு மாடியேறி வந்து, "பெரிசா ஆக்கின போட்டோவை அந்த மனுசன் கட்டிலுக்கு எதுர மாட்டி வெச்சிக்கினு, நானு எதுர நின்னாலும் அதையே பாத்துக்கினு கீறாரும்மா" என்றார். நீ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாய். நான் எதிர் மேசையில் இருந்தேன். கைப்பேசி கையில் இருந்தது. எடுத்துவிட்டேன். பன்னிரண்டு ஆண்டுகளில் உன் சிரிப்பு பதிவான ஒரே படம் அது. நீ அறியாமல் அதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. அதைத்தான் அனுப்பினேன்.

நேற்றுக் காலை உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "கேட்டீங்களா அவள?" என்றாள். நான் சாப்பிடாமல் அலுவலகம் போனேன். நில அளவை வரைபடத்தில் ஒரு கல்லைக்கூட உரியவருக்கு அறிவிப்புக் கொடுக்காமல் நகர்த்தாதவன் நான். நாள் முழுவதும் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கோடும் நேராக வரவில்லை.

அடுத்த மாதம் உனக்குத் திருமணம். அதன் பிறகு விழுப்புரத்திலும் ஒரு கடை திறக்கப் போகிறாய். அங்கே என் கோடுகளும் அட்டைகளும் வேண்டாம். எது தேவையோ அதை நீயே வைத்துக்கொள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வேலை பெருகும், உதவிக்கு ஆட்கள் வருவார்கள், ஒரே நாளில் மூன்று முகூர்த்தம் இருக்கும். அப்போது யாராவது, என்னைப்போல் படித்த, நல்ல எண்ணம் கொண்ட ஒருவரே வந்து, நேரமாகிறது, கேட்டுக்கொண்டு நிற்காதே என்பார்கள். அவர்களுக்கு நீ பணியாதே. நான் உன் தந்தை என்பதால் எனக்கும் பணியாதே. அந்த ஆவணி மாதத்துக் குழந்தையின் வீட்டு வாசலில் பேனர் வைத்தார்களா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் ஒருவராவது தன்னைக் கேட்டார் என்பது அதற்குத் தெரியும். உனக்கு அதைத் தர ஒருவரும் இல்லை. தந்திருக்க வேண்டியவன் நான்.

மன்னிப்பை இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. முதலில் செய்ய வேண்டியதைச் செய்கிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால் பேருந்தில் விழுப்புரம் போகிறேன். சம்பந்தியின் வீட்டுக்குப் போய், உட்காருவதற்கு முன்பே, என்னுடையது அல்லாத ஒன்றை உங்களுக்குக் கொடுத்துவிட்டேன், திருப்பித் தாருங்கள் என்று சொல்வேன். கொடுத்த வாக்கை நான் இதுவரை மீறியதில்லை, நாளை மீறுவேன். அவர் கோபித்தால் கேட்டுக்கொள்வேன். பெரிய அத்தை அழைத்து ஏசினால் அதையும். சம்பந்தி தன் மகன் படத்தை மட்டும் வைப்பதானால் அது அவர்கள் இருவருக்கும் உள்ள பேச்சு. நான் தலையிட மாட்டேன். அவரையும் அழைத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போய், அவர்கள் கணினியிலிருந்து உன் படம் நீக்கப்படும் வரை அங்கேயே நிற்பேன். திங்கட்கிழமை மாலை நீ வரும்போது இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்து, நடந்தது எதுவானாலும் ஒன்றும் விடாமல் சொல்வேன். பிறகு என் கைப்பேசியைத் திறந்து உன் கையில் கொடுப்பேன். அதில் இருக்கும் படத்தை நானாக அழிக்கப் போவதில்லை. அதை முடிவு செய்யவும் எனக்கு உரிமை இல்லை. வைத்துக்கொள்ளட்டுமா என்று உன்னிடம் கேட்பேன். நீ என்ன சொல்கிறாயோ, அதன்படி செய்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா